100 எஃப்பிஎஸ் காட்டியும் கேம் விக்குகிறதா? பாகங்களை எப்படித் தேர்ந்தெடுப்பது

கேள்வி: "அண்ணா, திருநெல்வேலியில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மானிட்டரும் சேர்த்து 90,000 ரூபாய்க்குள் ஒரு கேமிங் கணினி அசெம்பிள் செய்யலாம் என்று இருக்கிறேன். என் நண்பன் போன வருஷமே வாங்கிவிட்டான். அவன் திரையில் 100 எஃப்பிஎஸ் காட்டுகிறது, ஆனால் விளையாடும்போது விட்டு விட்டு நிற்கிறது. எனக்கு அப்படி ஆகக்கூடாது. ஐ5 போதுமா, ஐ7 எடுக்கணுமா? எந்த கிராஃபிக்ஸ் கார்டு? ஷூட்டர் கேமும் ஆடுவேன், கதையுள்ள பெரிய கேம்களும் ஆடுவேன்."

தம்பி, ஐ5ஆ ஐ7ஆ என்பதை விட உங்கள் நண்பருடைய கணினியில் நீங்கள் கவனித்த விஷயம்தான் பெரிது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பாளையங்கோட்டையிலிருந்து ஜங்ஷனுக்கு மணிக்கு 12 டவுன் பஸ் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து நிமிஷத்துக்கு ஒன்று வந்தால் யாருக்கும் சிரமம் இல்லை. முதல் இருபது நிமிஷத்தில் பதினொரு பஸ் வரிசையாக வந்து போய்விட்டு, கடைசி பஸ் நாற்பது நிமிஷம் கழித்து வந்தாலும் மணிக்கு 12 என்ற கணக்கு சரியாகவே இருக்கும். வெயிலில் நிற்கிறவருக்குத்தான் வித்தியாசம் தெரியும். எஃப்பிஎஸ், அதாவது ஒரு விநாடியில் திரைக்கு வரும் ஃபிரேம்களின் (படங்களின்) எண்ணிக்கை என்பதும் இதே மாதிரியான கணக்குதான். 60 எஃப்பிஎஸ் என்றால் ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லி விநாடி. 100 என்றால் 10. 144 என்றால் 6.9. ஒரு விநாடியில் 99 ஃபிரேம்கள் தலா 8.6 மில்லி விநாடியில் வந்து, ஒரே ஒரு ஃபிரேம் மட்டும் 150 மில்லி விநாடி எடுத்துக்கொண்டது என்றால் மொத்தம் 100 ஃபிரேம். திரை மூலையில் 100 என்றுதான் காட்டும். அந்த ஒரு ஃபிரேமில் கேம் விக்கியிருக்கும், எதிரி உங்களைச் சுட்டுவிட்டும் போயிருப்பான்.

2011ல் தி டெக் ரிப்போர்ட் தளத்தில் ஸ்காட் வாசன் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஆகும் நேரத்தைத் தனித்தனியாக அளந்து எழுதினார். அதற்கு அப்புறம்தான் கார்டுகளை ஒப்பிட்டு எழுதும் மற்றவர்களும் மெல்ல அந்தப் பக்கம் திரும்பினார்கள். இப்போது நல்ல ஒப்பீடு எதை எடுத்தாலும் சராசரிக்குப் பக்கத்தில் '1% லோ' என்று ஒரு எண் இருக்கும். மிக மெதுவாக வந்த நூற்றில் ஒரு பங்கு ஃபிரேம்களை மட்டும் எடுத்துப் போட்ட கணக்கு அது. சராசரி 100, லோ 70 என்றால் கண்ணுக்கு வழுக்கிக்கொண்டு போகும். சராசரி 120, லோ 35 என்றால் எரிச்சல்தான் மிஞ்சும். இந்த இரண்டில் முதல் கணினியைத்தான் நான் எடுப்பேன். இனி நான் சொல்லப்போகும் எல்லாப் பாகத்துக்கும் அளவுகோல் இதுதான்: சராசரியை ஏற்றுகிறதா என்று பார்க்காதீர்கள், விக்கலைக் குறைக்கிறதா என்று பாருங்கள்.

முதலில் மானிட்டரை முடிவு செய்யுங்கள். எல்லோரும் கார்டில் தொடங்கி, மிச்சக் காசில் மானிட்டர் வாங்குகிறார்கள். கார்டு எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதே மானிட்டர்தான். 1920×1080 திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். 2560×1440ல் 36.9 லட்சம். 4கே என்கிற 3840×2160ல் 82.9 லட்சம், அதாவது முதலாவதைப் போல நான்கு மடங்கு. உங்கள் தொகைக்கு 24 அங்குல 1080பி ஐபிஎஸ் திரை, 144 ஹெர்ட்ஸோ (விநாடிக்கு 144 முறை புதுப்பிக்கும்) அதற்கு மேலோ, போதும். கார்டு கொஞ்சம் மூச்சுவிட இடம் இருக்கும்.

அதைவிட முக்கியம், மானிட்டரில் அடாப்டிவ் சிங்க் இருக்க வேண்டும். சாதாரண மானிட்டர் கடிகாரம் மாதிரி ஒரே தாளத்தில் திரையைப் புதுப்பிக்கும். கார்டு அடுத்த ஃபிரேமை முடித்ததா இல்லையா என்று அதற்குக் கவலை இல்லை. அதனால்தான் படம் குறுக்கே கிழிந்த மாதிரி தெரியும், அல்லது அதைத் தடுக்கும் வி-சிங்க் போட்டால் ஃபிரேம் தாமதமாகி இழுக்கும். அடாப்டிவ் சிங்க் உள்ள திரை, கார்டு ஃபிரேமைக் கொடுக்கும்போது புதுப்பித்துக்கொள்ளும். 2013ல் என்விடியா ஜி-சிங்க் என்று தனிச் சில்லு போட்டு விலை உயர்ந்த மானிட்டர்களில் கொண்டுவந்தது. 2014ல் இது டிஸ்ப்ளேபோர்ட் தரத்திலேயே சேர்ந்தது, ஏஎம்டி அதை ஃபிரீசிங்க் என்று அழைத்தது. 2019 ஜனவரியில் என்விடியா கார்டுகளும் அந்தப் பொது முறையை ஏற்றுக்கொண்டன. இன்று நடுத்தர விலை மானிட்டர்களிலேயே இது இருக்கிறது. 70க்கும் 110க்கும் நடுவே ஏறி இறங்கும் எஃப்பிஎஸ்ஸைக் கண்ணுக்குச் சீராகக் காட்டுவதில் இதற்கு இணையாக ஒரு பாகமும் கிடையாது. ஆனால் 150 மில்லி விநாடி விக்கலை இதுவும் மறைக்காது. அதற்கு மற்ற பாகங்கள் சரியாக இருக்க வேண்டும்.

சரி, பிராசசர். ஐ7 என்கிற பெயருக்குப் பணம் கொடுக்காதீர்கள். 2012ல் வந்த ஐ7-3770ம் ஐ7தான், அதில் நான்கு கோர்தான் (தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) உண்டு. பழைய அலுவலகக் கணினிகளைத் துடைத்து, கலர் விளக்கு போட்ட கேபினட்டில் வைத்து 'ஐ7 கேமிங் பிசி' என்று விற்கிறார்கள். 2022ல் வந்த ஐ5-12400எஃப் அதை எல்லா விதத்திலும் தாண்டிவிடும். தலைமுறைதான் முக்கியம். இன்றைய கேம்களுக்கு 6 கோர், 12 திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைத் தொடர்) உள்ள புதிய தலைமுறைப் பிராசசர் நன்றாகப் போதும். அதற்கு மேல் கோர்களை அடுக்கினால் வீடியோ எடிட்டிங்குக்கு உதவும், கேமுக்கு அவ்வளவாக உதவாது. பெரும்பாலான கேம்களில் ஒரு முக்கியத் திரெட் மட்டும் மூச்சு முட்ட ஓடும், மற்றவை அதற்காகக் காத்துக்கொண்டிருக்கும். டாஸ்க் மேனேஜரில் பிராசசர் 40 சதவீதம்தான் என்று காட்டும்போதே பிராசசர்தான் தடையாக இருக்க முடியும். இதைப் பலர் நம்ப மாட்டார்கள். வாலொரண்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 போன்ற ஷூட்டர்களில் குறைந்த செட்டிங்கில் ஆடும்போது இது நன்றாகத் தெரியும்.

விக்கலைக் குறைப்பதில் கோர் எண்ணிக்கையை விடப் பெரிய பங்கு, பிராசசருக்குள்ளேயே இருக்கும் சிறு மெமரியான எல்3 கேஷுக்கு. பிராசசருக்கு வேண்டிய தகவல் கேஷில் இருந்தால் உடனே கிடைக்கும், இல்லையென்றால் ரேம் வரை போய் வரவேண்டும். அந்தப் பயணம் பல மடங்கு நீளமானது. ஏஎம்டி 2022 ஏப்ரலில் ரைசன் 7 5800எக்ஸ்3டியில் கேஷை மாடி மாதிரி மேலே அடுக்கி 96 எம்பி ஆக்கியது. கோர் அதே 8தான், உச்ச வேகம் சாதாரண 5800எக்ஸை விடக் கொஞ்சம் குறைவுகூட. ஆனாலும் கேம்களில் நன்றாக முந்தியது, '1% லோ' பல கேம்களில் நன்றாக ஏறியது. அதன் வாரிசுகளான 7800எக்ஸ்3டியும் 9800எக்ஸ்3டியும் உங்கள் தொகைக்குள் வராது. அவற்றின் பாடம் மட்டும் உங்களுக்கு வேண்டும். கடையில் "இரண்டும் ஒண்ணுதான் சார், அதுவும் 6 கோர்தான்" என்று சொல்லி ரைசன் 5 5600க்குப் பதில் 5500 அல்லது 5600ஜி கொடுக்கப் பார்ப்பார்கள். 5600ல் எல்3 கேஷ் 32 எம்பி. மற்ற இரண்டிலும் பாதிதான், 16 எம்பி. போதாததற்கு, கிராஃபிக்ஸ் கார்டை இணைக்கும் பாதையான பிசிஐஇயில் அவை இரண்டும் பழைய 3.0 மட்டுமே தரும். இது ஏன் வலிக்கும் என்று கார்டு பகுதியில் சொல்கிறேன். புது சாக்கெட்டிலும் (மதர்போர்டில் பிராசசர் அமரும் இடம்) இதே பொறி உண்டு: 7600லும் 7500எஃப்பிலும் 32 எம்பி, 8400எஃப்பில் 16 எம்பி. எண் பெரிதாக இருப்பதால் புதியது, நல்லது என்று நினைத்துவிடாதீர்கள்.

என் தேர்வு ரைசன் 5 7600 அல்லது 7500எஃப், பி650 மதர்போர்டில். காரணம் அவற்றின் ஏஎம்5 சாக்கெட். 2017ல் முந்தைய ஏஎம்4 மதர்போர்டு வாங்கியவர்களில் பலர் பயாஸை (போர்டின் அடிப்படை மென்பொருள்) மட்டும் புதுப்பித்து 2022ல் வந்த 5800எக்ஸ்3டியை அதே போர்டில் மாட்டினார்கள். ஏஎம்5 சாக்கெட்டுக்கும் 2027 வரையாவது, அதற்குப் பிறகும்கூட, ஆதரவு இருக்கும் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. நீங்கள் மாணவர். வேலைக்குப் போன பிறகு பிராசசரை மட்டும் மாற்றிக்கொள்ளும் வழி இருப்பது பெரிய வசதி. ஆனால் ஏஎம்5க்கு டிடிஆர்5 ரேம் கட்டாயம், அங்கேதான் செலவு ஏறும். தொகை இடித்தால் ரைசன் 5 5600 அல்லது 12400எஃப் எடுத்து, டிடிஆர்4 ரேமோடு முடித்துக்கொள்ளுங்கள். வெட்கப்பட வேண்டிய தேர்வு இல்லை அது. 144 ஹெர்ட்ஸ் 1080பிக்கு இன்றும் நன்றாக நிற்கும்.

கிராஃபிக்ஸ் கார்டுக்கு வருவோம். மொத்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்கு, முடிந்தால் கொஞ்சம் கூடவே, இதற்கு ஒதுக்குங்கள். கார்டின் வேகத்தை எல்லோரும் பார்ப்பார்கள், கார்டிலேயே இருக்கும் மெமரியான விஆர்ஏஎம் அளவைப் பார்க்க மாட்டார்கள். விக்கல் வருவது பெரும்பாலும் அங்கிருந்துதான். ஒரு கணக்கு சொல்கிறேன். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060ல் 8 ஜிபி விஆர்ஏஎம், அதற்கும் சில்லுக்கும் நடுவே விநாடிக்கு 272 ஜிபி ஓடும். கேமுக்கு 9 ஜிபி தேவைப்பட்டால் மிச்சம் எங்கே போகும்? மதர்போர்டில் இருக்கும் சாதாரண ரேமுக்கு. அங்கிருந்து கார்டுக்கு வரும் பாதை பிசிஐஇ. இந்தக் கார்டுக்கு அந்தப் பாதையில் எட்டு லேன் (தடம்) தான், பிசிஐஇ 4.0ல் விநாடிக்குச் சுமார் 16 ஜிபி. பிசிஐஇ 3.0 என்றால் 8 ஜிபி. நான்குவழிச் சாலையில் 272 கிலோமீட்டர் வேகத்தில் வந்தவர் திடீரென்று சந்துக்குள் திரும்பி 8 கிலோமீட்டரில் உருளுவது மாதிரி. அந்தச் சந்தில் மாட்டிய ஃபிரேம்தான் உங்கள் விக்கல். 5500, 5600ஜி வேண்டாம் என்று நான் சொன்னதும் இதனால்தான்.

8 ஜிபி எப்படிப் போதாமல் போனது என்று கேட்பீர்கள். 2020 நவம்பரில் பிளேஸ்டேஷன் 5ம் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸும் 16 ஜிபி பொது மெமரியோடு வந்தன. சில வருஷம் பழைய கன்சோல்களுக்கும் சேர்த்தே கேம் செய்ததால் பிரச்சினை தெரியவில்லை. பழையதை விட்டுவிட்டுப் புதிய கன்சோலுக்கு மட்டும் செய்யத் தொடங்கியதும், 2023 வாக்கில், 8 ஜிபி கார்டுகள் உயர்ந்த டெக்ஸ்சரில் (பொருள்களின் மேற்பரப்புப் படங்கள்) மூச்சு வாங்க ஆரம்பித்தன. கார்டின் சில்லு களைக்கவில்லை, இடம்தான் போதவில்லை. டெக்ஸ்சரை ஒரு படி குறைத்தால் 8 ஜிபி கார்டும் ஓடும், உண்மைதான். ஆனால் நான்கு வருஷத்துக்கு வாங்கும் புதுக் கார்டில் முதல் நாளிலிருந்தே குறைத்து வைத்து ஆட எனக்கு மனசு வராது.

அதனால் உங்களைப் போல பெரிய கேமும் ஆடுகிறவருக்கு 2025ல் வந்த ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி, 16 ஜிபி மாடல்தான் என் முதல் பரிந்துரை. அதற்கு முழுப் பதினாறு லேன் உண்டு. அதே பெயரில் 8 ஜிபி மாடலும் விற்கிறது, பெட்டியில் இருக்கும் எண்ணைப் பார்த்தே வாங்குங்கள். ஆர்டிஎக்ஸ் 5060 Ti கார்டிலும் இதே மாதிரி 8, 16 என்று இரண்டு உண்டு. ஆர்டிஎக்ஸ் 5060 வேகமான கார்டுதான், டிஎல்எஸ்எஸ் (கீழே சொல்கிறேன்) நன்றாக இருக்கும், ஆனால் 8 ஜிபி மட்டும். ஷூட்டர் மட்டுமே ஆடுகிறவர் என்றால் தயங்காமல் அதை எடுக்கச் சொல்வேன். இன்டெல் ஆர்க் பி580ல் 12 ஜிபி இருக்கிறது. ஆனால் அதற்கு, கார்டின் மெமரி முழுவதையும் பிராசசர் ஒரேயடியாக அணுக விடும் ரீசைசபிள் பார் வசதி கட்டாயம் வேண்டும், பழைய அல்லது பலம் குறைந்த பிராசசரோடு ஜோடி சேர்த்தால் அதன் வேகம் மற்ற கார்டுகளை விட அதிகமாகக் குறைகிறது. புதிய பிராசசரோடு என்றால் பார்க்கலாம்.

ஃபிரேம் ஜெனரேஷன், அதாவது இரண்டு ஃபிரேமுக்கு நடுவே கார்டே ஊகித்து ஒன்றைச் செருகுவது, பற்றி ஒரு வார்த்தை. "இந்தக் கார்டு 200 எஃப்பிஎஸ் தரும்" என்று விளம்பரத்தில் பார்க்கும் எண்ணில் பாதிக்கு மேல் இப்படிச் செயற்கையாக நடுவில் செருகிய ஃபிரேமாக இருக்கலாம். ஏற்கெனவே 60, 70 ஓடும் கேமை இது இன்னும் வழவழப்பாகக் காட்டும், அதில் நல்ல பலன் உண்டு. 30 ஓடும் கேமில் போட்டால் படம் மட்டும் ஓடும், மவுஸை அசைத்தால் சேற்றில் காலை எடுக்கிற மாதிரி இருக்கும். டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் போன்ற அப்ஸ்கேலிங் வேறு விஷயம். அது குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்குவது, கார்டின் சுமையை உண்மையிலேயே குறைக்கும். தயங்காமல் பயன்படுத்துங்கள்.

ரேம். இதைக் கவனமாகப் படியுங்கள், ஏனென்றால் நண்பருடைய கணினி விக்குவதற்கு இதுதான் காரணமாக இருக்கும் என்பது என் சந்தேகம். 16 ஜிபி ஒரே ஸ்டிக்காக வாங்குவதும் 8 ஜிபி இரண்டாக வாங்குவதும் ஒன்று இல்லை. டிடிஆர்4-3200 ஒரு ஸ்டிக் விநாடிக்கு 25.6 ஜிபி தரும். இரண்டு ஸ்டிக்கைச் சரியான ஸ்லாட்டில் போட்டால் 51.2. பிராசசர் ரேமுக்காகக் காத்திருக்கும் நேரமெல்லாம் ஃபிரேம் நேரத்தில்தான் சேரும். கடைகளில் "அப்புறமா இன்னொண்ணு போட்டுக்கலாம்" என்று ஒரே ஸ்டிக் கொடுப்பது வழக்கம். அந்த அப்புறம் பெரும்பாலும் வராது.

என் அக்கா மகனுக்கு ஒரு கடையில் அசெம்பிள் செய்து கொடுத்தார்கள். இரண்டு 8 ஜிபி ஸ்டிக்தான் வாங்கினான். பில்லும் சரி. ஆனாலும் கேம் விக்கிக்கொண்டே இருந்தது. கார்டு பழுது என்று சொல்லி அவன் அழாத குறை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்த் திறந்து பார்த்தேன். இரண்டு ஸ்டிக்கையும் பக்கத்துப் பக்கத்து ஸ்லாட்டில் செருகியிருந்தார்கள், அதாவது இரண்டும் ஒரே சேனலில் (பிராசசருக்குப் போகும் ஒரே பாதையில்). ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி செட்டிங்கையும் பயாஸில் போடவில்லை, 3200 ரேம் 2400ல் ஓடிக்கொண்டிருந்தது. பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுக்கு மாற்றினேன், எக்ஸ்எம்பி போட்டேன். பத்து நிமிஷ வேலை, ஒரு ரூபாய் செலவில்லை. அன்று சாயங்காலம் முழுக்க அவன் நாற்காலியை விட்டு எழவே இல்லை.

ஏஎம்5 எடுத்தால் டிடிஆர்5-6000, எக்ஸ்போ (எக்ஸ்எம்பி மாதிரியே ஏஎம்டியின் முறை) வசதியோடு. 2025 கடைசியிலிருந்து ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போவதால் ரேம் விலை கடுமையாக ஏறிவிட்டது. 16 ஜிபி இரண்டு, மொத்தம் 32 என்பது நல்லது. கை கடித்தால் 8 ஜிபி இரண்டு போதும், பிரவுசரை மூடிவிட்டு ஆடுங்கள். ஆனால் ஏஎம்5ல் பின்னால் நான்கு ஸ்டிக் ஆக்கிக்கொள்ளலாம் என்று திட்டம் போடாதீர்கள். டிடிஆர்5 நான்கு ஸ்டிக்கோடு முழு வேகத்தில் ஓடுவது கடினம், வேகத்தைக் குறைக்க வேண்டிவரும்.

எஸ்எஸ்டிக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். கேம் இருக்கும் இடம் ஹார்ட் டிஸ்க்காக மட்டும் இருக்கக் கூடாது. திறந்தவெளிக் கேம்களில் ஓடிக்கொண்டே புது இடத்துக்குள் நுழையும்போது ஹார்ட் டிஸ்க் தடுமாறும், நீங்களும் நிற்பீர்கள். 1 டிபி என்விஎம்இ (மதர்போர்டில் நேரடியாகச் செருகும் வேகமான எஸ்எஸ்டி) ஒன்று போதும். விநாடிக்கு 7000 எம்பி படிக்கும் எஸ்எஸ்டிக்கும் 3500 படிக்கும் எஸ்எஸ்டிக்கும் கேமில் வித்தியாசம் காண்பது அபூர்வம். விளிம்பு வரை நிரப்பாமல் கொஞ்சம் காலியாக வைத்திருங்கள்.

எஸ்எம்பிஎஸ் (எல்லாப் பாகங்களுக்கும் கரண்ட் தரும் பெட்டி), வெப்பம், கரண்ட். யூடியூபில் குளிர்நாட்டுக்காரர்கள் போடும் கணக்கு நம் ஊருக்கு அப்படியே பொருந்தாது. அவர்கள் 21 டிகிரி அறையில் சோதிக்கிறார்கள். கத்திரி வெயிலில் உங்கள் அறை 36 டிகிரி இருந்தால் உள்ளே இருக்கும் சில்லும் ஏறக்குறைய அந்த 15 டிகிரி கூடுதலாகவே சுடும். வரம்பைத் தொட்டதும் பிராசசரும் கார்டும் தங்களைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும், கொஞ்சம் ஆறியதும் ஏற்றும், மறுபடி குறைக்கும். இந்த ஏற்ற இறக்கம்தான் விக்கலாகத் தெரியும். மதுரையில் ஒரு நண்பர் வீட்டில் மதியம் மட்டும் கேம் இழுத்தது, ராத்திரி ஒழுங்காக ஓடியது. போய்ப் பார்த்தால் கேபினட்டைக் கம்ப்யூட்டர் டேபிளின் கதவு போட்ட தட்டுக்குள் வைத்து மூடியிருந்தார், தூசி படக்கூடாதாம். வெளியே எடுத்து வைத்ததோடு சரியானது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட கேபினட் அழகுதான், காற்று எங்கே நுழையும்? முன்னால் வலை, முன்னால் இரண்டு ஃபேன், பின்னால் ஒன்று. மாதம் ஒருமுறை தூசி வலையைக் கழற்றித் தட்டுங்கள். வாட்டர் கூலர் உங்கள் பிராசசருக்குத் தேவையே இல்லை.

கேபினட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டாதீர்கள். இதில் மட்டும் நான் யாரோடும் பேரம் பேசுவதில்லை. 9060 எக்ஸ்டி 16 ஜிபிக்கு 160 வாட், 5060க்கு 145 வாட், பிராசசருக்கு 90 வாட்டுக்குள். மொத்தக் கணினியும் 300 வாட்டைச் சுற்றித்தான் இருக்கும். ஆனால் கார்டு மில்லி விநாடிக் கணக்கில் திடீரென்று கூடுதலாக இழுக்கும், மட்டமான எஸ்எம்பிஎஸ் அப்போது தடுமாறிக் கணினியையே அணைத்துவிடும். பெயர் தெரிந்த நிறுவனத்தின் 550 அல்லது 650 வாட் எடுங்கள். 80 பிளஸ் பிரான்ஸ் (வெண்கலம்), கோல்டு என்பவை எவ்வளவு கரண்ட் வீணாகிறது என்பதை மட்டும் சொல்லும், உள்ளே இருக்கும் தரத்துக்கு அது சான்றிதழ் கிடையாது. உத்தரவாதம் எத்தனை வருஷம் என்று பாருங்கள், அது நிறைய சொல்லும். கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறதா? வீட்டில் எர்த் சரியில்லை. கணினி வாங்கும் முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதைச் சரிசெய்யுங்கள். 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும், மானிட்டரும் சேர்ந்தால் விளிம்பில் நிற்கும். 1 கேவிஏ எடுத்தால் நிம்மதி.

பில் தொகை மேலே போனால் எதைக் குறைப்பது? முதலில் விளக்கு, கண்ணாடி, அலங்கார ஃபேன். அப்புறம் மதர்போர்டு, விலை உயர்ந்த போர்டால் ஒரு ஃபிரேமும் கூடாது. அப்புறம் ஏஎம்5லிருந்து 5600க்கு இறங்குங்கள். கடைசியாக எஸ்எஸ்டியை 500 ஜிபி ஆக்குங்கள், பின்னால் இன்னொன்று சேர்த்துக்கொள்ளலாம். இரண்டு ஸ்டிக் ரேம், நல்ல எஸ்எம்பிஎஸ், அடாப்டிவ் சிங்க் மானிட்டர், கார்டின் விஆர்ஏஎம் இந்த நான்கிலும் கை வைக்காதீர்கள். சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் பில்லில் ஒவ்வொரு பாகத்தின் முழு மாடல் பெயரும் சீரியல் எண்ணும் இருக்க வேண்டும். 'ரேம் 16 ஜிபி, கார்டு 9060' என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் திருப்பி எழுதச் சொல்லுங்கள்.

விடுதிக்கு எடுத்துப் போக லேப்டாப் வாங்கலாமா என்று பாதியில் மனம் மாறினால் ஒன்றை மட்டும் பாருங்கள். ஆர்டிஎக்ஸ் 4060 என்ற ஒரே பெயரில் 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை விதவிதமான லேப்டாப்கள் வந்தன. பெயர் ஒன்று, வேகம் வேறு. வாட் எவ்வளவு என்று தெரியாமல் வாங்காதீர்கள்.

எவ்வளவு நல்ல பாகம் போட்டாலும் சில கேம்கள் முதல் ஒரு மணி நேரம் விக்கும். அது உங்கள் கணினியின் குற்றம் இல்லை. ஷேடர் என்கிற சிறு நிரல்களை ஒவ்வொரு கார்டுக்கும் டிரைவருக்கும் ஏற்ப உங்கள் கணினியிலேயே தயாரிக்க வேண்டியிருக்கிறது. கன்சோலில் எல்லோரிடமும் ஒரே சில்லு என்பதால் முன்கூட்டியே தயாரித்து அனுப்பிவிடுகிறார்கள். கணினியில் புது வெடிப்பு, புது மந்திரம் ஒன்று முதல்முறை திரையில் வரும்போது அங்கேயே தயாரிப்பு நடந்தால் கேம் நிற்கும். தொடங்கும்போதே "ஷேடர் தயாராகிறது" என்று கேம் காட்டினால் அதை முடிய விடுங்கள், அவசரப்பட்டு தாண்டாதீர்கள். டிரைவரைப் புதுப்பித்தால் மறுபடி நடக்கும். இதற்காக யாரும் கார்டை மாற்றப் போகாதீர்கள்.

கணினி வந்ததும் அன்றே சில வேலை இருக்கிறது. மானிட்டர் கேபிளை கார்டில் செருகுங்கள், மதர்போர்டில் இல்லை. விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் 60 ஹெர்ட்ஸ் என்று இருக்கும், 144க்கு மாற்றுங்கள். மாதக்கணக்கில் 144 மானிட்டரை 60ல் ஓட்டியவர்களை எனக்குத் தெரியும். பயாஸில் எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பி, ரீசைசபிள் பார் இரண்டும் போட்டிருக்கிறதா பாருங்கள். அடாப்டிவ் சிங்க்கை மானிட்டர் மெனுவிலும் டிரைவரிலும் இரண்டு இடத்திலும் இயக்க வேண்டும். பிறகு எஃப்பிஎஸ்ஸுக்கு 141 அல்லது 140 என்று ஒரு வரம்பு வையுங்கள். திரையின் எல்லைக்குள்ளேயே நிற்கும், கார்டும் தேவையில்லாமல் கொதிக்காது.

உங்கள் நண்பருக்காகவும் ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். கேப்ஃபிரேம்எக்ஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, விக்கும் இடத்தில் ஒரு நிமிஷம் ஃபிரேம் நேரத்தைப் பதிவு செய்யுங்கள். கோடு சமமாகப் போய் நடுநடுவே ஊசி மாதிரி குத்தி எழும்பும். அந்த நேரத்தில் விஆர்ஏஎம் நிறைந்திருக்கிறதா, பிராசசர் வெப்பம் எவ்வளவு என்று பாருங்கள். அடுத்து ரெசல்யூஷனைக் குறைத்துப் பாருங்கள். எஃப்பிஎஸ் ஏறினால் தடை கார்டு, ஏறாமல் அப்படியே நின்றால் பிராசசர் அல்லது ரேம். கடைசியாக டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்து, எத்தனை ஸ்லாட் பயன்பாட்டில் இருக்கிறது, வேகம் எவ்வளவு என்று படியுங்கள். நான்கில் ஒன்று என்று இருந்தால், அவனுக்கு வேண்டியது புதுக் கார்டு இல்லை, அதே மாதிரி இன்னொரு ரேம் ஸ்டிக்.